மஞ்சள் பொட்டு வைத்த புத்தகம்

நல்ல புத்தகமாக ஒன்று சொல்லுங்கள் என்று இப்போதும் யாராவது வந்து கேட்கிறார்கள். கண்ணில் புரை விழுந்து, நாலு வரி படித்தால் தலை வலிக்கிற இந்த வயதில், கேட்பதற்கு நான்தான் அகப்பட்டேனா என்று அலுப்பாக இருக்கும். ஆனாலும் உட்காரச் சொல்வேன். கேட்க என்னைத் தேடித்தானே வந்திருக்கிறார்கள். கொலைக் கதை வேண்டுமா, காதல் கதை வேண்டுமா, உபயோகமான புத்தகம் வேண்டுமா என்பதெல்லாம் பிறகு. முதலில் ஒன்று கேட்பேன். "நீ யாரையாவது எதிர்பார்த்துக்கொண்டு இருக்கிறாயா?"

புத்தகத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று விழிப்பார்கள். சம்பந்தம் இருக்கிறது. அதைச் சொல்ல எனக்கு நேரம் பிடிக்கும். படிப்பதைப் போலத்தான் எழுதுவதும் எனக்கு. ஒவ்வொரு எழுத்தாக நட வேண்டும்.

பிரெஞ்சுக்காரன் ஆண்ட காலம். குருவிநத்தத்தில் நெல்லும் கரும்பும் பயிரிடுகிற பெரிய வீட்டில் மூத்த மருமகளாக நான் வாழ்க்கைப்பட்டேன். பிறந்த வீட்டில் இரண்டாம் வகுப்பு பாதி வரை போனேன். பிறகு தங்கைக்கு அம்மை போட்டது, தம்பி பிறந்தான், நான் பள்ளிக்கூடம் போகவில்லை. எழுத்து மட்டும் கையோடு வந்துவிட்டது. விரலை வரிக்குக் கீழே வைத்து, உதட்டை அசைத்து, ஒவ்வொன்றாகக் கூட்டிப் படிப்பேன். அச்சில் இருந்தால்தான் வரும். ஒரு பக்கம் முடிவதற்குள் ஒரு உலை கொதித்துவிடும்.

என் அண்ணன் புதுச்சேரியில் ஒரு அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோர்க்கிற வேலையில் இருந்தார். மை ஈஷிப்போன தாள், ஓரம் கோணலாக வெட்டுப்பட்ட தாள் என்று விற்பனைக்கு ஆகாமல் ஒதுக்கிப் போடுவதை எல்லாம் சேர்த்து, கட்டாகக் கட்டி, கடலூர் போகிற பஸ்ஸில் கொடுத்துவிடுவார். கிருமாம்பாக்கத்துக் காப்பிக் கடையில் அது இறங்கும். என் வீட்டுக்காரர் வண்டியில் அந்தப் பக்கம் போகும்போது எடுத்து வருவார். "உங்க அண்ணன் குப்பைய கூட்டி அனுப்சிகிறாரு" என்று சொல்லித்தான் இறக்கி வைப்பார். ஆனால் ஒரு கட்டைக்கூட மறந்து வந்ததில்லை.

அந்தத் தாள்களைப் பக்க எண் பார்த்து அடுக்கி, கோணி ஊசியால் சணல் நூல் கோத்துத் தைப்பேன். மேலே பழுப்புத் தாள் ஒட்டுவேன். எல்லாம் ஒரே நிறம், ஒரே கனம். வெளியே இருந்து பார்த்தால் எதற்குள் என்ன இருக்கிறது என்று எனக்கே தெரியாது. அதனால்தான் பொட்டு வைக்கிற வழக்கம் வந்தது.

கொலையோ திருட்டோ இருந்தால் அட்டையில் ஒரு கரிப்பொட்டு. காதலும் கல்யாணமுமாக நல்லபடி முடிந்தால் மஞ்சள் பொட்டு. கதையே இல்லாமல் விஷயம் சொல்கிற புத்தகம் என்றால் சுண்ணாம்புப் பொட்டு. கரியும் மஞ்சளும் சேர்ந்து இருந்தால் கொலையும் உண்டு, கடைசியில் தாலியும் உண்டு என்று அர்த்தம். அதற்குத்தான் ஏகப் போட்டி. பொட்டே இல்லை என்றால் என்னால் சகிக்க முடியவில்லை என்று புரிந்துகொள்வார்கள். அதை யாரும் தொட மாட்டார்கள்.

எங்கள் தெருவில் எழுத்துக் கூட்டத் தெரிந்த பெண்கள் என்னோடு சேர்த்து ஐந்து பேர். மற்றவர்கள் கேட்பார்கள். புத்தகம் முறத்தில் தவிட்டுக்கு அடியில் படுத்து வீடு வீடாகப் போகும். முதலில் படிப்பது நான். அண்ணன் என்னுடையவர், வீடு பெரியது, வயதிலும் மூத்தவள். நான் படித்துப் பொட்டு வைத்த பிறகுதான் அடுத்த கை. இதை யாரும் சட்டம் போட்டுச் சொல்லவில்லை. ஆனால் யாரும் மீறியதும் இல்லை. "பெரிய வூட்டு அக்கா பொட்டு வெச்சா சரியாத்தான் இருக்கும்" என்பார்கள். அந்தப் பேச்சைக் கேட்கத்தான் நான் அவ்வளவு பாடுபட்டேன் என்று இப்போது தோன்றுகிறது.

நெல் காயப் போட்டுக் கோழி விரட்டுகிற பகல் நேரம்தான் எனக்குப் படிப்பு நேரம். ஒரு கையில் குச்சி, ஒரு கையில் புத்தகம். என் நாத்தனார், வீட்டுக்காரருக்கு அக்கா, சின்ன வயதிலேயே கணவனை இழந்து எங்களோடு இருந்தவர், நான் படிப்பதைப் பார்த்தாலே ஆரம்பிப்பார்.

"இன்னாடி, மாடு அசபோடுற மாரி வாய அசச்சிகினு கீற. அந்த எழுத்து இன்னும் மசியலியா?"

"நீங்க ஒரு எழுத்து சொல்லுங்க அண்ணி, பாக்கலாம்."

"எனக்கு எதுக்குடி எழுத்து? நீ மென்னு முடிச்சிட்டு துப்பு, நான் கேட்டுக்கறேன்."

எழுத்து தெரியாதவர் என்று அவரைக் குறைத்து எண்ண முடியாது. பூட்டிய அறைக்குள் ஒரு பண்ணையார் செத்துக் கிடக்கிற கதை ஒன்று வந்தது. மூன்று வாரம் விரல் வைத்துப் படித்துக்கொண்டிருந்தேன். தினமும் நாலு பக்கம் அவருக்குச் சொல்வேன். இரண்டாம் நாளே, "அந்த வைத்தியன் ஏன்டி ரெண்டு தபா கைய கழுவுறான்? அவன்தான்" என்று சொல்லிவிட்டு முறுக்கு மாவு பிசையப் போய்விட்டார். கடைசிப் பக்கத்தில் அவன்தான். மூன்று நாள் நான் அவரோடு பேசவில்லை. கொலைக் கதை பிடிக்கும் என்கிறவர்களுக்கு அந்த மாதிரிக் கதையைத்தான் இன்றைக்கும் சொல்வேன், கொலைகாரன் முதல் பக்கத்தில் இருந்து நம் கண் முன்னாலேயே நடமாடுகிற கதை. கடைசியில் எங்கிருந்தோ ஒருவனைக் கொண்டுவந்து இவன்தான் கொன்றான் என்று நிறுத்துகிற கதைக்கு நான் பொட்டு வைத்ததில்லை.

திடுக்கிட வைக்கிற கதைகள் என்று சில வரும். ஒருவன் பெட்டியோடு ரயிலில் ஓடுவான், பத்துப் பேர் துரத்துவார்கள். ஒரு கதையில் அந்தப் பெட்டிக்குள் என்ன இருந்தது என்று கடைசி வரை சொல்லவே இல்லை. இரண்டு மாத உழைப்பு. அதைக் கரும்புச் சாறு காய்ச்சுகிற அடுப்பில் போட இருந்தேன். அச்சிட்ட காகிதத்தை எரிக்க மனம் வராமல் விட்டேன்.

சுண்ணாம்புப் பொட்டு வைத்தவற்றை யாரும் சீண்ட மாட்டார்கள். ஆனால் மாட்டு நோவுகளைப் பற்றி ஒரு புத்தகம் வந்தது. எங்கள் சிவப்புப் பசு வயிறு உப்பிக் கிடந்தபோது அதில் சொன்னபடி நல்லெண்ணெய் புகட்டி, முன்னங்காலை மேட்டில் ஏற்றி நிறுத்தினோம். பிழைத்தது. காலரா வந்த வருஷம் ஆற்றுத் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொன்ன புத்தகமும் அந்த வகைதான். கதை இல்லாத புத்தகம் வறட்சியாக இருக்கிறது என்று முகம் சுளிப்பவர்களிடம் அந்தப் பசுவைப் பற்றிச் சொல்வேன். அதற்கு மேல் சொல்லத் தெம்பு இல்லை.

எதிர் வீட்டு மருமகள் உறுவையாற்றுப் பெண். வில்லியனூரில் கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளியில் நாலாம் வகுப்பு முடித்தவள். என்னைவிட வேகமாகப் படிப்பாள். கண்ணை ஓட்டினால் போதும், உதடு அசையாது. ஆனாலும் என்னிடம்தான் கேட்பாள். அவளுடைய கணவன் சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தா, அதாவது சிப்பாய். கல்யாணமாகி எட்டு மாதத்தில் கப்பல் ஏறிப் போனார். முதல் இரண்டு வருஷம் கடிதம் வந்தது. பிறகு ஜப்பான்காரன் சண்டை வந்தது. சைகோன் பக்கம் இருந்து கப்பலும் இல்லை, கடிதமும் இல்லை. அப்படியே இரண்டு வருஷம்.

அவள் மஞ்சள் பொட்டு மட்டும்தான் படிப்பாள். கரியும் மஞ்சளுமாக இருந்தால்கூடத் தொட மாட்டாள். புருஷன் அக்கரையில் இருக்கிறவள், பிரிந்தவர் சேராத கதையைக் காதாலும் கேட்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். கூத்து நடந்தால்கூட, ராஜா செத்துப்போகிற இடம் வரும் முன் அப்படிப்பட்ட பெண்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

"அக்கா, மஞ்சதான?"

"மஞ்சதான்டி."

"கடசி வரைக்கும் மஞ்சதான?"

"பொட்டு வெச்சவ நானு. எங்கிட்டயே கேக்கறியா?"

சிரித்துக்கொண்டு முறத்தை வாங்கிக்கொண்டு போவாள். அவளுக்குக் கதை தேவைப்படவில்லை. பக்கம் பக்கமாகப் பிரிந்து கிடந்த ஒருவனும் ஒருத்தியும் கடைசிப் பக்கத்தில் சேர்ந்தார்களா என்பதுதான் தேவை. சேர்ந்தார்கள் என்றால் அன்றைக்கு அவள் பூ வாங்குவாள். இரண்டு வருஷம் அவள் நம்பிக்கையை இழக்காமல் இருந்ததில் என் மஞ்சளுக்கும் பங்கு உண்டு என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

அந்த வருஷம் சித்திரையில் நவரை அறுப்பு. அறுப்பாட்கள் முப்பது பேருக்குக் கூழும் சோறும் நானும் நாத்தனாரும்தான். இடுப்பு ஒடிந்துவிட்டது. அண்ணன் அனுப்பிய கட்டில் ஒரு காதல் கதை இருந்தது. கதாநாயகன் கப்பலில் போகிறான், கதாநாயகி காத்திருக்கிறாள். பாதி வரை விரல் வைத்துப் படித்தேன். 'அடுத்த கப்பலில் வருகிறேன்' என்று அவன் கடிதம் எழுதுகிற இடம். அதோடு விரல் நின்றது. நெல்லைப் பார்த்தபடி அப்படியே தூங்கிவிட்டேன். கோழி அரை மரக்கால் தின்றிருக்கும்.

எதிர் வீட்டுப் பெண் மூன்று முறை கேட்டுவிட்டாள். எனக்கு அலுத்துப்போயிருந்தது. வருகிறேன் என்று எழுதிவிட்டான், வராமல் எங்கே போவான்? காதல் கதை எல்லாம் ஒரே மாதிரிதானே முடியும்? அம்மியில் ஒட்டியிருந்த மஞ்சளை விரலால் தொட்டு அட்டையில் வைத்தேன். படிக்காமல் வைத்த முதல் பொட்டு அது என்று சொல்ல ஆசை. முதல் பொட்டு இல்லை. அதற்கு முன் கரிப்பொட்டு நாலைந்து அப்படி வைத்திருக்கிறேன். மஞ்சளில் அதுதான் முதல்.

நாலாம் நாள் புத்தகம் முறத்தில் திரும்பி வந்தது. அவள் வரவில்லை, மாமியார் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். அடுத்து ஒரு வாரம் அவளைத் தெருவில் காணவில்லை. கிணற்றடியில் பார்த்தபோது தலையில் பூ இல்லை. கண்ணாடி வளையல் இரண்டு கையிலும் ஒவ்வொன்றுதான் இருந்தது.

"இன்னாடி ஒடம்புக்கு?"

அவள் குடத்தைக் கீழே வைத்தாள். கோபமே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"நீ வாயால சொல்ல முடியாமத்தான இப்டி சொன்ன? எனக்குப் புரிஞ்சிபோச்சிக்கா."

"இன்னாத்த சொன்னேன்?"

"அந்த புஸ்தகம். அந்தப் பொண்ணு வூட்டுக்காரரு கப்பல்லயே பூட்டாரு. கடசில அவ தாலிய கழட்டறா. அதுக்கு நீ மஞ்ச வெச்சி குடுத்துகிற. நீ ஒரு வரி வுடாம படிக்கிறவ. தெரியாமலா வெப்ப? மாமா மேரிக்குப் போறவரு. அங்க காயிதம் வந்திருக்கும். எங்கிட்ட எப்டி சொல்றதுன்னு நீ இப்டி சொன்ன."

என் வீட்டுக்காரர் பாகூர் மேரியில், அந்தப் பிரெஞ்சு ஊராட்சிக் கச்சேரியில், ஆலோசனைக்கு உட்காருகிறவர்களில் ஒருவர். பட்டாளத்தில் இருக்கிறவர்களைப் பற்றிக் காகிதம் வந்தால் முதலில் அங்கேதான் வரும். எங்கள் ஊர்களில் தூர தேசத்துச் சாவை நேராகச் சொல்ல மாட்டார்கள். முதலில் உடம்பு சரியில்லை என்பார்கள். பிறகு அண்ணன் தம்பிக்கு ஆள் அனுப்புவார்கள். அவர்கள் வந்து, அது இது என்று பேசி, மெதுவாகத்தான் சொல்வார்கள். அவள் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள். அவளுக்கு நான் அனுப்பிய ஆள் அந்தப் புத்தகம்.

"ஐயோ, அப்படியெல்லாம் ஒண்ணும் வரலடி! எனக்கு ஒண்ணுமே தெரியாது!"

"தெரிஞ்சாலும் இப்டித்தான் சொல்லுவ. பரவால்லக்கா. ஞாயித்துக்கெழம எங்க அண்ணன் வண்டி கட்டிகினு வராரு. இட்டுகினு பூடுவாரு. செய்ய வேண்டியத அங்கயே செஞ்சிடலாம்னு சொல்லிட்டேன். மாமியாரும் சரின்னுட்டாங்க. ரெண்டு வருசமா அவுங்களும் அத்தத்தான சொல்லிகினு கீறாங்க."

செய்ய வேண்டியது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். தாலி ஒருமுறை கழன்றுவிட்டால், அந்த மனிதன் நாளைக்கே கப்பலில் வந்து இறங்கினாலும் யாரும் திரும்பிக் கட்டிவிட முடியாது.

வீட்டுக்காரரிடம் கேட்டேன். "ஒரு காயிதமும் வரல. நான் வேணும்னா அந்தப் பொண்ணுகிட்ட சொல்றேன்" என்றார். சொன்னார். அவள் தலையைக் குனிந்து, "சரிங்க மாமா" என்றாளாம். அவர் சொன்னதையும் அவள் சாவை மறைத்துப் பேசுகிற அந்த வழக்கத்தோடே சேர்த்துக்கொண்டாள்.

அவளை நம்ப வைக்க ஒரே வழிதான் இருந்தது. அந்தப் புத்தகத்தை நான் முடிக்கவில்லை என்று சொல்ல வேண்டும். இதைச் சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. ஒரு வரி சொல்ல இரண்டு நாள். தெருவில் எனக்கு இருந்த மரியாதை நகையால் வந்ததில்லை, நிலத்தால் வந்ததும் இல்லை. அதெல்லாம் வீட்டுடையது. புத்தகத்தால் வந்தது மட்டும்தான் என்னுடையது. சனிக்கிழமை காலையில் அவளை மறுபடியும் கிணற்றடியில் பிடித்து, "நான் முழுசா படிக்கலடி" என்றேன், அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

"எனக்காகப் பொய் சொல்லாதக்கா. நீ படிக்காம பொட்டு வெக்க மாட்ட" என்று சொல்லிவிட்டுக் குடத்தை இடுப்பில் ஏற்றினாள்.

அன்று பகலில் எங்கள் வண்டிக் கொட்டகையில் விதை மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தோம். ஆடிப் பட்டத்துக்கான வேர்க்கடலை, பருப்பு நசுங்காமல் கையால்தான் உரிக்க வேண்டும். எட்டுப் பெண்கள். கை வேலையாக இருக்கும், காது சும்மா இருக்கும். கதை சொல்ல அதுதான் இடம். எதிர் வீட்டுப் பெண்ணும் வந்திருந்தாள். மறுநாள் போகப் போகிறவள், வேலையைப் பாதியில் விட வேண்டாம் என்று வந்திருக்கிறாள். ஓரமாக உட்கார்ந்து தலை நிமிராமல் உரித்துக்கொண்டிருந்தாள். அவள் தலையில் பூ இல்லை என்பதை எல்லோரும் பார்த்தார்கள். யாரும் கேட்கவில்லை.

"இன்னா, பெரிய வூட்டம்மா, இன்னிக்கி கதை இல்லியா?" என்றாள் ஒருத்தி.

நான் எழுந்து உள்ளே போய் அந்தப் புத்தகத்தை எடுத்து வந்தேன். எல்லோருக்கும் நடுவில் நின்று சொன்னேன்.

"இந்தப் புஸ்தகத்த நான் பாதிதான் படிச்சேன். மிச்சத்த படிக்காமலே மஞ்ச வெச்சேன். இதுக்கு முன்னால வெச்ச கரிப்பொட்டும் நாலஞ்சி அப்டித்தான்."

மல்லாட்டை உடைகிற சத்தம் நின்றது.

நாத்தனார்தான் முதலில் பேசினார். "அடியே! அப்ப அந்த ரயிலு கதை?"

"அது முழுசா படிச்சேன் அண்ணி. அதுல நெசமாவே பெட்டிய தொறக்கல."

யாரோ சிரித்தார்கள். எதிர் வீட்டுப் பெண் சிரிக்கவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் அவளுக்காகச் சொல்கிற பொய் இது என்று அவள் முகத்தில் அப்படியே இருந்தது. நான் அவள் முன்னால் உட்கார்ந்தேன். புத்தகத்தை அவள் கையில் கொடுத்து, பாதிக்கு மேல் எந்தப் பக்கத்தையாவது பிரி என்றேன். அவள் தயங்கிவிட்டு ஒரு பக்கத்தைப் பிரித்து என் மடியில் வைத்தாள்.

விரலை வைத்தேன். அதுவரைக்கும் நான் யார் முன்னாலும் வாய்விட்டுப் படித்தது இல்லை. தனியாகப் படித்துவிட்டுப் பிறகு கதையாகச் சொல்வேன், அவ்வளவுதான். நான் எப்படிப் படிக்கிறேன் என்று நாத்தனார் ஒருவருக்குத்தான் தெரியும். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினேன். மூன்று எழுத்து சேர்ந்தால் ஒரு வார்த்தை. அந்த வார்த்தை முடிவதற்குள் முன் வார்த்தை மறந்துவிடும், திரும்பப் போக வேண்டும். நெற்றியில் வியர்த்தது. எதிரே ஒருத்தி முறத்தில் அரைப் படி உரித்துவிட்டாள், நான் ஒரு வரியைத் தாண்டவில்லை. பக்கத்தில் இருந்தவள், "அக்கா இப்டியா படிக்குது?" என்று மெதுவாகக் கேட்டது எனக்குக் கேட்டது.

நிறுத்தவில்லை. கதாநாயகி கப்பல் துறையில் நிற்கிறாள். ஆள் ஆளாக இறங்குகிறார்கள். அவன் பேர் போட்ட பெட்டியை ஒருவன் தூக்கிக்கொண்டு வருகிறான். பெட்டி வந்துவிட்டதே, ஆளும் பின்னால் வருவான் என்று எனக்குள் ஒரு அவசரம். விரல் வேகமாகப் போகப் பார்க்கிறது, எழுத்து விடமாட்டேன் என்கிறது. அடுத்த வரியைக் கூட்டினேன். கடலில் போட்டுவிட்டோம் என்கிறான். எதைப் போட்டுவிட்டார்கள் என்று மறுபடி முதலில் இருந்து வந்தேன். உடம்பை.

"அடப் பாவி! செத்துட்டானா?"

கத்திவிட்டேன். நான் எங்கே இருக்கிறேன், எதற்குப் படிக்கிறேன் என்பதெல்லாம் மறந்துபோயிற்று. "வரேன்னு காயிதம் போட்டானேடி! இப்பத்தான போட்டான்!" என்று அவளையே கேட்டேன்.

அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு கையில் இருந்த மல்லாட்டையைக் கீழே போட்டாள்.

"உனுக்கு நெசமாவே தெரியாதாக்கா?"

"இப்பத்தானடி படிக்கிறேன்!"

அவள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. இரண்டும்தான் போல. தோள் குலுங்கியது. நாத்தனார் எழுந்து வந்து அவள் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டார். கணவன் இல்லாத தன் கை அவள் தலையில் படக் கூடாது என்று இத்தனை நாள் ஒதுங்கியே இருந்தவர், அதை மறந்துவிட்டார். அப்படியே என் பக்கம் திரும்பினார்.

"ஊருக்கே பொட்டு வெச்சாளே, பொட்டு! பாதி படிச்ச புஸ்தகத்துக்கு பாதிப் பொட்டு வெச்சிருந்தா ஆவாதா? இந்தப் பொண்ணு தாலிய கழட்டி இருப்பாளேடி!"

நான் குனிந்து, அவள் கீழே போட்ட மல்லாட்டையை எடுத்து முறத்தில் போட்டேன்.

மறுநாள் அவள் அண்ணன் வண்டி கட்டிக்கொண்டு வந்தார். எங்கள் வீட்டில்தான் சாப்பாடு போட்டோம். என் வீட்டுக்காரர் மேரியில் ஒரு காகிதமும் வரவில்லை என்று அவரிடமும் சொன்னார். அவள் முற்றத்தில் நின்று, "நான் வரல அண்ணா. அவரு வர வரைக்கும் இங்கயே கீறேன்" என்றாள். மாமியார் முணுமுணுத்தார். அண்ணன் காலி வண்டியை ஓட்டிக்கொண்டு உறுவையாற்றுக்குத் திரும்பினார். அன்று மாலை அவள் தலையில் கதம்பம் இருந்தது.

என் மரியாதை பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. கிணற்றடியில் இரண்டு பெண்கள் நான் படிக்கிற மாதிரி உதட்டைக் கூட்டி அசைத்து விளையாடினார்கள். நான் பார்த்துக்கொண்டே தண்ணீர் சேந்தினேன். அதற்குப் பிறகு முதலில் படிக்கிறது எதிர் வீட்டுப் பெண் என்று ஆயிற்று. எனக்கும் அது ஓய்வாகத்தான் இருந்தது, ஆனால் அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. கட்டு வந்ததும் தைத்து அவளிடம் கொடுப்பேன். அவள் முதல் வேலையாகக் கடைசிப் பக்கத்தைப் பார்ப்பாள். மஞ்சள் கதை எது என்று அவளே சொல்வாள். பொட்டு மட்டும் நான் வைப்பேன். நான் எதுவரை படித்தேனோ அந்தப் பக்கத்தில் ஒரு சணல் நூலைக் கட்டித் தொங்கவிடுவேன், எல்லோரும் பார்க்கிற மாதிரி. பெரும்பாலும் அது பாதிக்கு முன்னாலேயே தொங்கும்.

அவள் அதற்குப் பிறகு காதல் கதை படிப்பதைக் குறைத்துக்கொண்டாள். சுண்ணாம்புப் பொட்டு வைத்தவற்றை எடுத்துக்கொண்டு போனாள். கடல் வழிகளையும் தேசங்களையும் பற்றி ஒரு புத்தகம் இருந்தது, படத்தோடு. சைகோன் எங்கே இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டினாள். "இவ்ளோ தூரம்தான்க்கா" என்று ஒரு சாண் அளந்தாள்.

வந்தாரா என்று கேட்பீர்கள். எல்லோரும் கேட்கிறார்கள். வந்தார். சண்டை முடிந்து, அதற்கும் பிறகு ஒரு வருஷம் கழித்து, எலும்பும் தோலுமாக, ஒரு காது கேட்காமல் வந்து இறங்கினார். ஊரே கூடி நின்றது. நான் போகவில்லை. அன்றைக்கு வீட்டில் கரும்பு ஆலை ஓடிக்கொண்டிருந்தது, வெல்லம் காய்ச்சுகிற கொப்பரையை விட்டு எழ முடியவில்லை. சாயங்காலம் அவள் ஒரு தட்டில் வெற்றிலை பாக்கும் மஞ்சளும் வைத்து எடுத்து வந்து கொடுத்துவிட்டுப் போனாள்.

அதனால்தான் முதலில் அந்தக் கேள்வியைக் கேட்கிறேன். யாரையாவது எதிர்பார்த்துக்கொண்டு இருக்கிறவர்களுக்குப் புத்தகம் சொல்வது அலுப்பான வேலை. அவர்கள் புத்தகத்தைப் படிப்பதில்லை, அதற்குள் வேறு ஒன்றைத் தேடுகிறார்கள். மாட்டு நோவுப் புத்தகம் இருக்கிறது, எடுத்துக்கொண்டு போ என்பேன்.

அந்தக் கப்பல் கதை இன்னும் என்னிடம் இருக்கிறது. பழுப்புத் தாள் உதிர்ந்துவிட்டது, மஞ்சள் கறையாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. நன்றாக எழுதிய கதை என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். என்னிடம் கேட்டால், முதல் பாதியையும் நடுவில் ஒரு பக்கத்தையும் பற்றித்தான் சொல்ல முடியும். நூல் அந்தப் பக்கத்தில்தான் தொங்குகிறது. அதற்கு மேல் நான் படிக்கவில்லை.